தங்கச்சி பேசிய மூன்று நிமிடம்

தங்கச்சி என்னைவிட ஒன்பது வயது இளையவள். ஜெர்மனிக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு இரண்டு. அதனால் அவள் பேசுவது இந்த ஊர்க்காரரின் ஜெர்மன். என்னிடம் இன்றைக்கும், இத்தனை வருடம் நகரசபையில் வேலை செய்த பிறகும், "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

எனக்கு வேலை பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில். அவளுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, ஒரு பெரிய நகரத்தின் நகரசபையில். எனக்குப் பின்னால் சேர்ந்தவள், எனக்கு மேலே போய்விட்டாள்.

எங்கள் மாநிலத்து நகரங்களுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு. ஒவ்வொரு நகரமும் தனித்தனியாகப் போய்க் கேட்டால் மாநில அரசு காது கொடுக்காது. ஆகவே எல்லா நகரங்களும் கூடி, வரும் வருடம் மாநிலப் பாராளுமன்றத்தில் எந்தச் சட்டத்துக்காக நெருக்குவது என்று முடிவெடுக்கும். கோடையில் கோரிக்கைகளை அனுப்ப வேண்டும். இலையுதிர் காலத்தில் கூட்டம். ஒரு கோரிக்கைக்கு மூன்று நிமிடம் பேசலாம். பெரியதோ சின்னதோ, ஒரு நகரத்துக்கு மூன்று வாக்கு. முதல் ஐந்து இடத்துக்கு வருபவை பாராளுமன்றத்துக்குப் போகும்.

அந்த முறை எங்கள் நகரத்தின் கோரிக்கையை எழுதியது நான். பள்ளிக்கூடக் கூரைக்கு ஒரு அந்த்ராக், ஜன்னலுக்கு இன்னொரு அந்த்ராக் என்று மாநில அரசிடம் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியே சின்ன நகரங்கள் களைத்துப்போகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம் போதும் என்று சட்டத்தை மாற்ற வேண்டும். இரண்டு மாதம் திருத்தித் திருத்தி எழுதினேன். "நீங்களே பேசுங்கள்" என்று எங்கள் மேயர் சொன்னார். என் உச்சரிப்பை நினைத்து மறுத்துவிட்டேன். அவரே வாசித்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றினார்கள்.

இரண்டு பேர் தள்ளித் தங்கச்சி மேடைக்கு வந்தாள். கையில் தாள் இல்லை.

நகர அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர்களை வைக்க மாநிலமே பொறுப்பேற்க வேண்டும் என்பது அவளுடைய நகரத்தின் கோரிக்கை. "எங்கள் வீட்டில்" என்று தொடங்கினாள். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. விதவைக்கான உதவி கேட்டுப் போன இடத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான் மொழிபெயர்த்தது. "உன் அப்பா இறந்ததை அம்மா கண்ணால் பார்த்தாரா என்று கேள்" என்றார் அலுவலர். பிள்ளை தன் அம்மாவிடம் அதைக் கேட்டது.

அந்தப் பிள்ளை நான். தங்கச்சி அன்றைக்கு அம்மாவின் மடியில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் ஒருநாள் அவள் கேட்டபோது நான்தான் சொன்னேன். அவள் பொய் சொல்லவில்லை. "நான்" என்று ஓரிடத்திலும் வரவில்லை, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் "நான்" என்று சொல்ல உரிமையுள்ளவள் நான், நாலாவது வரிசையில் வாய் திறக்காமல் இருந்தேன்.

நேரம் முடிந்தும் தலைவர் மணியடிக்கவில்லை. அவள் இறங்கும்போது கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது.

மேயர் என் பக்கம் சாய்ந்தார். "உங்கள் தங்கைதானே? என்னிடம் இன்னும் ஒரு வாக்கு இருக்கிறது. நம்முடைய ஊருக்கு இது தேவையா?"

"எங்களிடம் அப்படிப் பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை" என்றேன்.

அது பொய். வாரத்தில் இரண்டு தடவையாவது யாராவது வந்து நிற்பார்கள், மற்றப் பிரிவுகளில் இருந்து என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். மேயர் என்னை நம்பித் தன் கடைசி வாக்கை இன்னொரு நகரத்தின் சைக்கிள் பாதைக் கோரிக்கைக்குப் போட்டார்.

எங்கள் கோரிக்கை ஏழாவதாக வந்தது. தங்கச்சியுடையது இரண்டாவது. என் பொய் அவளை ஒரு படிகூட இறக்கவில்லை. அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது.

வாக்கெடுப்பு அட்டை தூக்கித்தான் நடந்தது. யார் தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் எடுத்தாள்.

"அக்கா, உங்கட மேயர் ஏன் எங்களுக்குப் போடேல்லை?"

அவருடைய முடிவு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனோ அது வரவில்லை.

"நான்தான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"அந்தக் கதையைச் சொன்னதுக்கோ? உங்களிட்டக் கேட்டிருக்கோணும், அது என்ர பிழைதான்."

"அதுக்கில்லை. நீ அதை அவ்வளவு நல்லாச் சொன்னதுக்கு. எனக்கு அது ஏலாது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கோபிப்பாள் என்று. இரண்டும் இல்லை. "உங்கட கோரிக்கையும் நல்லதுதான் அக்கா," என்றாள். "எழுதின விதம்தான் கொஞ்சம் இறுக்கம். அடுத்த முறை அனுப்ப முதல் எனக்கு ஒருக்கா அனுப்புங்கோ. நான் பார்த்துத் தாறன்."

மனதாரத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. என் ஜெர்மனைத் திருத்துகிறாளாம், நான் கைபிடித்துப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போனவள்.

"பார்ப்பம்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்த கோடையில் அதே கோரிக்கையைத் திரும்ப எழுதினேன். அனுப்புவதற்குக் கடைசி நாளுக்கு முதல் நாள்வரை வைத்திருந்துவிட்டு, அவளுக்கு அனுப்பினேன். பதினேழு இடத்தில் திருத்தியிருந்தாள். பதினாறை ஏற்றுக்கொண்டேன்.