சட்டம் படிக்கப் போன கால்கள்

இலண்டனில் நான் முதன்முதலாகத் திகைத்துப் போனது பனியைக் கண்டல்ல, ஆசிரியை ஒருவர் என் காலைத் தொட்டபோது. பாலே ஆட்டம் பழகும் கூடத்தில், சுவரோரம் பூட்டிய மரச்சட்டத்தைப் பிடித்தபடி நாங்கள் வரிசையாக நிற்போம். ஆசிரியைக்கு என் தாயின் வயது இருக்கும். அவர் குனிந்து, இரண்டு கையாலும் என் பாதத்தைப் பற்றி வெளிப்பக்கமாகத் திருப்பினார். எங்கள் பக்கத்தில் மூத்தவர் இளையவரின் காலைத் தொடுவார்களா? பதறிக் காலை இழுத்துக்கொண்டேன். "நோகிறதா?" என்று கேட்டார். "இல்லை, பாவம்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். யாருக்குப் பாவம், எதற்குப் பாவம் என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னை மட்டும் ஒரு குச்சியால் தொட்டுத் திருத்தினார்.

என் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் புகையிலை நடும் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தங்கை வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குவார்கள். ஐயா என்னைச் சட்டம் படிக்கத்தான் கப்பலேற்றினார். முதல் வருஷம் ஒழுங்காகப் படித்தேன். இரண்டாம் வருஷம் ஒரு சிநேகிதன் இசைநாடகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனான். முப்பது பேர் ஒரே மூச்சில் துள்ளி எழுந்ததைக் கண்டு எனக்கும் கால் துருதுருத்தது. அடுத்த வாரமே ஆட்டப் பள்ளியில் சேர்ந்தேன். சட்டப் புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே போயின. அடிமை, கறுத்த இளவரசன், பாம்பாட்டி என்று வேஷங்களும் கிடைத்தன. ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் தொடர்ந்து சட்டம் படித்தேன். வேறென்ன எழுதுவது? கோயில் திருவிழாவில் சின்னமேளக்காரிகள் சதிர் ஆடினால் முன்வரிசையில் குந்தியிருந்து பார்ப்போம். ஆடுகிறவர் வீட்டில் சம்பந்தம் செய்ய மாட்டோம். நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

தங்கைக்கு இடம் பொருந்தி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் இலண்டனில் படிக்கும் அண்ணனின் படத்தைக் கேட்டார்கள். நாடக உடுப்பறையில் கறுப்பு அங்கியும் வெள்ளைப் பொய்முடியும் இரவல் வாங்கிப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு பகிடி நாடகத்தில் குடிகார நீதவான் போட்ட அங்கி அது. ஐயா எழுதினார்: "உன்ரை படத்தைப் பாத்தாப் பிறகு அவையள் வேறை ஒண்டும் கேக்கேல்லை." அன்றிரவு கடிதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனாலும் உண்மையை எழுதவில்லை.

எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். எனக்குப் பதிலாக ஒன்றுவிட்ட தம்பி கழுவினான். மோதிரத்தை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்து, வைத்தியம் படிக்க இங்கே வந்த மாப்பிள்ளையின் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் தேடி வந்த நேரம் நான் வீட்டில் இல்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி நல்ல மனுஷி. என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி, நான் அவளுக்குக் கொடுத்திருந்த நாடகச் சீட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டாள். வெறும் மேலும் பித்தளைக் காப்புமாக நான் பாம்பாட்டியாய் ஆடியதை அவர் இருந்து முழுக்கப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது பின்வாசலில் நின்றார். மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஊருக்கு எழுதப் போறீரோ?" என்று கேட்டேன்.

"எழுதமாட்டன். எழுதினால் உம்மடை தங்கச்சி எங்கடை வீட்டிலை தலைநிமிந்து திரியேலாது. ஆனா நீர் ஊருக்கு வரப்படாது. வந்தால் ஆரும் சொல்லத் தேவையில்லை, உந்த நடையே காட்டிக் குடுத்துப்போடும்."

உண்மைதான். பாலே பழகியவனின் பாதங்கள் தெருவிலும் வெளிப்பக்கம் பார்த்தபடிதான் நடக்கும். நான் தலையாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா கிடக்கவில்லை.

"நான் ஆடினது எப்பிடி?"

"நல்லாத்தான் ஆடினீர்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த நேரத்திலும் அப்படிக் கேட்டேனே என்று இன்றைக்கும் கூசுகிறது.

தங்கைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்த வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று எழுதினாள். அதற்குள் ஜெர்மன்காரனோடு யுத்தம் தொடங்கியிருந்தது. கப்பல் இல்லை என்று பதில் போட்டேன். உலகமெல்லாம் குண்டு விழுந்து சனம் சாகும்போது, எனக்கொரு சாட்டுக் கிடைத்ததென்று ஆறுதல்பட்டேன். இப்படியும் ஒரு மனுஷன்.

இப்போது யுத்தம் முடிந்து கப்பலும் ஓடுகிறது. பெரிய வழக்கொன்றில் நிற்கிறேன், ஒன்றுவிட்ட தம்பியின் மடியில் இருத்திக் குத்துங்கள் என்று எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. "அண்ணை, கால் கழுவவும் வேறை ஆள்தான் நிண்டது. இதுக்கும் வேறை ஆளோ? வழக்கு முடியட்டும், நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

இப்போது ஆடும் நாடகத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறேன். சனம் கைதட்டுகிறது, எனக்கும் அது பிடித்திருக்கிறது. மருமகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. கூடப் படிக்கிற, கடுக்கன் போட்ட பிள்ளைகள் அவன் வெறுங்காதைப் பகிடி பண்ணினால், "லண்டனிலை இருந்து என்ரை மாமா வந்தாப் பிறகுதான் எனக்குக் குத்திறது" என்று அவன் சொல்லிக்கொண்டு திரிகிறானாம்.