ஐஸில் வந்த மெர்சி அக்காவின் ட்யூப்

மெர்சி அக்கா இன்று காலை போய்விட்டார்.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன், மூடினேன், திரும்பப் பிரித்தேன்... இருப்புக் கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹட்டனில் நான் வேலை செய்யும் லேப்புக்குத் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் ப்ளட் எடுத்து வருபவர் அவர்தான். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் உட்காரமாட்டார். ப்ளட் ட்யூப் வைத்த பெட்டியை மடியில் வைத்தால் ட்யூப் சூடாகிவிடுமாம்.

ஒருநாள் மண்சரிவு. காலையில் எடுத்த ட்யூப்களோடு பின்னேரம்தான் வந்து சேர்ந்தார். அவர் கை கழுவப் போன கேப்பில், நான் அவசரக்குடுக்கையாக ஒரு காய்ச்சல்காரரின் ட்யூபை மெஷினில் போட்டுவிட்டேன். சீனி வருத்தக்காரர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். ரிசல்ட்டில் சீனி ஐம்பதுகூட இல்லை.

மாத்திரையை நிறுத்துங்கள், சீனித்தண்ணி கொடுங்கள் என்று வீட்டுக்குச் சொல்ல போனை எடுத்தேன். கை கழுவி வந்த அக்கா பிடுங்கிவிட்டார்.

"தம்பி, அவரு ஒடம்புல கொறையல. காய்ச்சல்ல வெள்ளணு கூடிக் கெடக்கு, ட்யூப்புக்குள்ளயே சீனியத் தின்னுருச்சு. எடுத்த நேரத்தப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. லேபிளில் எழுதித்தான் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய் மறுபடி எடுத்து வந்தார். நூற்றைம்பதுக்கு மேல்.

போன வாரம் அட்டை கடித்த இடம் புண்ணாகி, அவர் கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். இன்னும் நாலு வீடு இருக்கிறது, முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து லாக்டேட் பார்க்க ஐஸில் வைத்து ஒரு ட்யூப் வந்தது. லேபிளில் அவர் பெயர்.

கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்கள் அவசரத்தில் சீனியை அரைகுறையாக எரித்து வெளியே தள்ளுவதுதான் லாக்டேட். உடம்பு தோற்கத் தொடங்கினால் ஏறிக்கொண்டே போகும்.

ஏறியிருந்தது. ரொம்ப.

இருக்காது, லேட்டாக வந்திருக்கும், ஐஸ் உருகியிருக்கும், ட்யூபுக்குள்ளேயே கூடியிருக்கும்... லேபிளைப் பார்த்தேன். எடுத்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஐஸ் உருகவே இல்லை. இரண்டாம் தடவை போட்டேன். அதே நம்பர்.

கொண்டு வந்த நர்ஸிடம் யார் இப்படி ஐஸில் வைக்கச் சொன்னது என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

"அக்காதான் சொன்னாங்க. ஆட்டோவுல ஓடுங்க, லேட்டானா தம்பி ரிசல்ட்ட நம்பமாட்டாருன்னு."

நம்பிட்டேன் அக்கா.

போயிட்டு வாங்க.