ஓடைக்கு அந்தாண்ட விளைந்த அவரை

போன மார்கழியில், ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. மாதம் ஒரு ஞாயிறு, கார் நிறுத்தும் இடத்தில் 'உள்ளூர் சந்தை' போடுவோம். வெகுதூரம் லாரியில் வராத காய், வாடாத கீரை, காசு நேராக விவசாயி கைக்கு. குடியிருப்புச் சங்கச் செயலாளர் மைக்கில் இதைச் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். சாப்பிடுவது எங்கே விளைந்தது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு அப்படியொரு ஆசை. கடை போடுபவர்களை நோண்டி நோண்டிக் கேட்பேன்.

அன்று ஒரு பெண் மொபெட்டில் இரண்டு மூட்டை அவரைக்காயுடன் வந்தார். கேட்டிலேயே செயலாளர் எந்த ஊர் என்று கேட்டார்.

"ஜவளகிரி பக்கம்ங்க. ஓடைக்கு இந்தாண்ட வூடு, அந்தாண்ட நெலம்."

அங்கே ஓடைதான் மாநில எல்லை. அந்தப் பக்கம் கர்நாடகா. "அப்போ இது உள்ளூர் காய் இல்லையேம்மா" என்றார் செயலாளர். அவர் மீதும் தப்புச் சொல்ல முடியாது. ஒரு வியாபாரி மண்டியில் வாங்கிய தக்காளியைத் தன் தோட்டத்துத் தக்காளி என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டு நிலத்தில் விளைந்ததற்கு மட்டுமே இடம் என்று கமிட்டி முடிவு செய்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உள்ளே ஒரு கடையில் தஞ்சாவூர் அரிசி இருந்தது. "அது மட்டும் உள்ளூரா சார்?" என்று கேட்டேன்.

"அது நம்ம ஸ்டேட்டுங்க மேடம்."

அந்தப் பெண் வாதாடவில்லை. முகம்தான் விழுந்துவிட்டது. விடிகாலையில் பறித்த காய். இங்கே விற்காவிட்டால் மண்டிக்காரர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான். கேட்டுக்கு வெளியே சாலையோரம் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். மனசு கேட்காமல் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டுக் குழம்புக்காக ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். ஆள் வராத நேரத்தில் அதன் தோலைப் பிதுக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் பனிக்காலம் என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்புதான். நானும் ஒன்றை எடுத்து அழுத்தினேன். பருப்பு எகிறி என் மூக்குக்கண்ணாடியில் பட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு எங்கள் குடியிருப்புப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பனியில் விளைந்த அவரைக்கு வாசனை தனி; காயை முகர்ந்ததும் நகரவில்லை. ஒருவர் கன்னடத்தில் பேரம் பேசினார். இன்னொருவர் தன் அம்மா வீட்டுப் பக்குவத்தைத் தெலுங்கில் சொன்னார். இரண்டு பேருக்கும் அவரவர் மொழியிலேயே பதில் சொல்லிக்கொண்டு அவர் எடை போட்டார். கடைசியில் செயலாளரின் மனைவியும் பையோடு வந்து நின்றார். செயலாளர் கேட்டுக்கு உள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டைகள் காலி. சாக்கை மடித்துக்கொண்டே அவர் கேட்டார். "உங்களுக்கு எந்த ஊருங்க அக்கா?"

"தூத்துக்குடி பக்கம். வேலைக்காக இங்க வந்தோம்."

"அம்மாடி! அவ்ளோ தூரமா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. வாளியில் மிச்சமிருந்த பருப்பை என் கையில் அள்ளிப் போட்டுவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.

எனக்குத்தான் சுருக்கென்றது. இப்போதும் யாராவது 'உள்ளூர்' என்று மைக் பிடித்தால் எனக்கு அந்தச் சாலையோரம்தான் நினைவுக்கு வருகிறது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து இறங்கிய என்னை எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்ட ஊரில், ஓடையைத் தாண்டி வந்த அவரைக்காயை நாங்கள் வெளியே உட்கார வைத்தோம்.