காற்று நுழையும் தட்டி

இரண்டு கைகள் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தன. தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி இறுகிப்போன நார்க்கயிற்று முடிச்சுகள். நகத்துக்கு மசியவில்லை. வலது கை ஒரு கம்பியை முடிச்சின் வயிற்றில் செருகி நெம்பியது. இடது கை, இளகிய நுனியைப் பிடித்து இழுத்தது. முடிச்சு விட்டதும் மூங்கில் பிளாச்சு ஒன்று கழன்று, அதற்கடியில் அமுங்கிக் கிடந்த வெட்டிவேர் கொத்தாக மேலெழுந்தது. வாசம் இன்னும் போகவில்லை. கைகள் வேரை உதறின. முறிந்ததை ஒரு பக்கமும் முழுசாக இருந்ததை ஒரு பக்கமும் போட்டுவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போயின.

"கட்டுனவளே அவுக்கிறதைப் பாரு" என்றாள் எதிர்வீட்டுச் சீனியம்மாள், குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்புகிறவள். "ஏ தங்கப்பொண்ணு, தாலிக்கே மூணு முடிச்சுதான்டி. கதவுல தொங்குறதுக்கு இம்புட்டா?"

"ஒன் நாக்குக்கு ஒண்ணு போடணும்னு கயிறு மிச்சம் வச்சிருக்கேன். வாரியா?"

"போறேன் தாயி. எனக்கு உலை கொதிக்குது."

மதுரையில் ஆரப்பாளையத்துக்கு மேற்கே, வைகைக் கரையை ஒட்டி, மில் தொழிலாளிகள் குடியிருந்த தகரக்கூரைச் சந்து அது. தங்கப்பொண்ணு அவிழ்த்துக்கொண்டிருந்த வெட்டிவேர்த் தட்டி ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டு வாசலுக்கு அவள் கட்டிக் கொடுத்தது. கோடையில் வாசலிலும் சன்னலிலும் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால், அனல் காற்று அதில் பட்டுக் குளிர்ந்து உள்ளே வரும். வர வேண்டும். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறு வாரம், பிற்பகலில் ஒரு காற்று கிளம்பியது. ஆற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து ஊரையே மஞ்சளாக்கிவிட்டு, பின்னாலேயே ஆலங்கட்டியை இறக்குகிற கோடைக்காற்று. தட்டி சினைமாட்டு வயிறு போல உப்பியது. நிலையில் அடித்திருந்த கொக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்தில் காய்ந்த வற்றல் மீது போய் விழுந்தது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் அதை வண்டியிலேற்றி, அவளுக்கு வேலை கொடுத்த வெட்டிவேர் வியாபாரி காதர்மீரா ராவுத்தரின் கிடங்குக்கே திருப்பியனுப்பிவிட்டார்கள்.

ராவுத்தர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் நிதானமாகப் பேசினார்.

"காத்துல பிச்சுக்கிட்டுப் போனதுகூடப் பெருசில்லேம்மா. தொங்குன நாளெல்லாம் உள்ளே புழுங்கித் தள்ளிருச்சாம். தண்ணி ஊத்தி ஊத்திக் கை வலிச்சதுதான் மிச்சம்கிறாக."

"நெருக்கமாத்தான்யா கட்டினேன். விரல் நுழையாது, பாருங்க."

ராவுத்தர் சுட்டுவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். நுழையவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, நீ ஆட்டை அடைக்கக் கட்டியிருக்கே. உள்ளே உக்காரப்போறது மனுசன்ல?"

அவர் சொன்னது உண்மை. மேற்கே, கரட்டு மலையடியில் இருந்த அவள் ஊரில், ஆட்டுக்கிடை மறிக்கிறவர்களுக்குப் படல் கட்டிக் கொடுப்பதுதான் அவள் வீட்டுத் தொழில். பருத்திமாரை நெருக்கி வைத்து, பனைநாரில் கட்டிய படல். குள்ளநரி மூக்கை நுழைக்கக் கூடாது, வாடைக்காற்று குட்டிகள் மேல் படக் கூடாது. விரல் நுழைந்தால் அது படல் இல்லை. பாவாடை கட்டிய காலத்திலிருந்து கைக்கு ஏறிய அந்தக் கட்டுத்தான், மூங்கிலையும் வெட்டிவேரையும் கண்டதும் தானாக ஓடியது. "படல் கட்டத் தெரியுமா?" என்று ராவுத்தர் கேட்டபோது தெரியும் என்று அவள் சொன்னதில் பொய் இல்லை. கேள்வியில்தான் கோளாறு இருந்தது.

"கோச்சடை ரோட்டுல புதுசா ஒரு பிரசவ விடுதி தொறந்திருக்காக" என்றார் ராவுத்தர். "நர்சம்மா ஆளனுப்பியிருந்தாக. கத்திரி வெயில்ல புள்ளை பெத்துக்கிற பொம்பளைக படுக்கிற ரூமு. இதையே அவுத்துப் புதுசாக் கட்டி, நீயே கொண்டுபோய்க் கொடு. அவுக சரின்னுட்டா இந்தக் கோடை முழுக்க ஒனக்கு வேர் உண்டு. வேண்டாம்னுட்டாகன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். மனசுல வச்சுக்காதே."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி? கணவன் சுருளி வேலை பார்த்த மில்லில் பஞ்சு வரவில்லை என்று ஒரு ஷிப்டை நிறுத்தியிருந்தார்கள். ஊரில் அவன் தகப்பன் காலத்திலிருந்து உழைத்துக் கொடுத்த பண்ணையிலிருந்து, ஆள் வேண்டும், இரண்டு பேரும் வந்து சேருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். சுருளிக்கு ஆசை இல்லைதான். ஆனாலும் அவன் பானையைத் திறந்து பார்க்கிறவன்.

"இங்க சோறும் இல்லை, காத்தும் இல்லை. அங்க காத்தாவது இருக்குல்ல?" என்றான்.

"காத்து இருக்கு. தண்ணி?"

ஊரில் கிணறு மற்றவர்களுடையது. மேலே நிற்கிறவர்களுக்கு மனசு வந்து ஊற்றும்வரை இவர்கள் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். இங்கே சந்து முக்கில் முனிசிபல் குழாய். வந்த புதிதில் அவள் வரிசையில் நின்று, முறை வந்ததும் தன் கையாலேயே திருகினாள். தண்ணீர் குடத்தில் விழ, யாராவது ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். "மூடுடி, வழியுது!" என்று பின்னாலிருந்து கத்தினாள் சீனியம்மாள். அவ்வளவுதான் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சீனியம்மாளைப் பிடித்துப்போயிற்று, மதுரையையும்தான்.

மதுரைக்கு அவளைப் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. வெயில் அவளுக்குப் புதிதில்லை; ஆனால் ஊர் வெயில் பொழுது சாய்ந்தால் போய்விடும், இது சுவருக்குள் போய் ஒளிந்துகொண்டு விளக்கு வைத்த பிறகு வெளியே வந்தது. முதல் கோடையில் அவள் உச்சிப்பொழுதில் அடுப்பு மூட்டித் தகரத்தடியில் மயங்கி விழுந்தாள். பிறகு கிழக்கு வெளுக்குமுன் சோறாக்கி, அதில் தண்ணீர் ஊற்றி வைக்கப் பழகினாள். சாக்கை நனைத்துத் தரையில் விரித்து, காய்ந்ததும் புரட்டிப் போட்டாள். மழைதான் அவளைப் பெரிதாக ஏமாற்றியது. ஊரில் மேற்கே கறுத்தால் சட்டி பானையோடு வெளியே ஓடி வருவார்கள். இங்கேயும் அப்படி ஓடி வந்து, சந்தின் நடுவில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றபோது, பின்னால் கூரைத் தகரம் ஒன்று எழும்பிப் பறந்து சீனியம்மாள் வீட்டு வாசலில் விழுந்தது.

"வானத்தைப் பாத்தா போதுமாடி, கூரையைப் பாக்க வேண்டாமா? கல்லைத் தூக்கி மேலே வையி!"

அதற்குப் பிறகு மணல் வாசம் மூக்கில் ஏறினாலே அடுப்பை அணைத்து, கொடித்துணியை உருவி, கூரைமேல் கல் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எல்லாம் பழகிவிட்டது, தட்டியைத் தவிர.

முடிச்சுகளை அவிழ்த்து முடித்ததும் வேரை நன்றாக அலசி, கோணல் நிமிர்த்தி, சட்டத்தின் மேல் பரப்பினாள். இந்த முறை இளக்கமாகக் கட்டுவது என்று முடிவு செய்திருந்தாள். கட்டி நிமிர்த்தியதும் வேர் நழுவி இறங்கி, மேலே வெறும் சட்டமும் கீழே மூட்டையுமாக நின்றது. அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். கை தன் பழக்கத்துக்கே போய் நெருக்கிவிட்டது. விரல் நுழையவில்லை. அதையும் அவிழ்க்கக் கம்பியை எடுத்தாள்.

"விட்டுரு புள்ள" என்றான் சுருளி. "அது அம்புட்டுத்தான் வரும்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் வீட்டுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். படல் கட்டுகிறவர்கள் எப்போதும் வெளியேதான் நிற்பார்கள். உள்ளே இருப்பது ஆடு. ஒரு நாளும் அவள் படலுக்கு உட்புறம் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆடு சொல்லவும் சொல்லாது.

"இந்தாய்யா, எந்திரி. இதைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நில்லு" என்றாள். தட்டியை வாசலில் சாத்தி, தண்ணீர் தெளித்து, உள்ளே போய் உட்கார்ந்தாள். வேர்வை கழுத்தில் வழிந்தது. வேரின் வாசம் வந்தது. காற்று வரவில்லை.

"என்ன தெரியுது?" என்று வெளியிலிருந்து கேட்டான்.

"ஆடா இருந்தா என்ன தெரியுமோ அது தெரியுது."

பிறகு அவனையே உள்ளே உட்கார வைத்து, பீடி பற்றவைக்கச் சொன்னாள். காற்று இருந்தால் புகை நகரும்; இல்லாவிட்டால் அவன் மூக்கடியிலேயே நிற்கும். நின்றது. அவள் வெளியே நின்று ஒரு முடிச்சைத் தளர்த்தினாள், இன்னொன்றை இடம் மாற்றினாள். சட்டத்தோடு ஓடுகிற ஓரக் கட்டுகளை முன்பு போலவே இறுக்கி, வேரை அங்கே நன்றாகக் கவ்வ வைத்தாள். நடுவில் மட்டும் வேரை மெலிதாகப் பரப்பி, விரல் நுழையுமளவு விட்டு விட்டுக் கட்டினாள். ஓரம் தாங்கியதால் நடுவில் இருந்த வேர் இறங்கவில்லை.

"இப்ப?"

"கொஞ்சம் அசையுது."

"இன்னொரு பீடி பத்த வையி."

"ஏ சீனியம்மா, கேளு இதை!" என்று உள்ளிருந்து சத்தம் போட்டான். "கட்டுன பொண்டாட்டி பீடி குடி, குடிங்கிறா. எந்த ஊர்லயாவது நடக்குமா?"

"அனுபவிங்க அண்ணே" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "தட்டி முடிஞ்சதும் பிடுங்கிருவா."

மூன்றாவது பீடியின் புகை அவன் முகத்தை விட்டுப் பின்னால் வளைந்து, அடுப்படிப் பக்கம் போயிற்று. நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "ஏ புள்ள" என்றான், இந்த முறை கேலி இல்லாமல். "குளுகுளுன்னு வருதுடி."

ஆனால் கோடைக்காற்று இன்னும் பாக்கி இருந்தது. அதற்கு அவள் பயந்துகொண்டிருந்தாள். படலை நான்கு மூலையும் இறுக்கித்தான் நிறுத்துவார்கள்; ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலும் அப்படித்தான் கட்டியிருந்தாள். நான்கு பக்கமும் பிடித்து நிறுத்தினால் காற்று மல்லுக்கு நிற்காமல் என்ன செய்யும்? இந்தத் தட்டியை மேலே மட்டும் இரண்டு வளையத்தில் தொங்கவிட்டாள். கீழே, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. மாட்டைத் தொழுவத்தில் கட்டுவார்களே, அதே முடிச்சு.

மறுநாள் சாயங்காலம் மணல் வாசம் வந்தது. மேற்கே கோச்சடைத் தோப்புகள் மறைந்துபோயின. சந்து முழுக்கப் பெண்கள் அடுப்பை அணைத்துத் துணியை உருவினார்கள். சீனியம்மாள், "தட்டியை உள்ளே எடுடி, கிறுக்கி!" என்று கத்தினாள். தங்கப்பொண்ணு எடுக்கவில்லை. இங்கே நிற்காவிட்டால் அங்கேயும் நிற்காது.

முதல் வீச்சில் தட்டி உப்பியது; உப்பின வேகத்தில் நடுவில் புகுந்த காற்று அவள் முந்தானையைத் தள்ளிக்கொண்டு போனது. இரண்டாம் வீச்சு பெரிது. மேல் வளையங்கள் கிறீச்சிட்டன. "பிச்சுக்கிரும், பிச்சுக்கிரும்" என்றான் சுருளி. அவள் கீழ் நுனியை இழுத்தாள். தட்டி விடுபட்டு, மாடு தலையை ஆட்டுவது போல மேலே எழும்பி, தகரத்தில் ஒரு இடி இடித்து, கீழே இறங்கியது. மறுபடி எழும்பியது. காற்றோடு சண்டை போடவில்லை. போய்ப் போய் வந்தது. ஆலங்கட்டி கூரையில் கொட்டியபோது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. மழை தட்டி வழியாகச் சல்லடைத் தூறலாக அவர்கள் மேல் அடித்தது. சுருளி அதைத் துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான்.

மழை விட்டதும் அவன்தான் முதலில் எழுந்து வளையங்களைத் தடவிப் பார்த்தான். ஒரு ஓரத்தில் கொஞ்சம் வேர் பிய்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"பண்ணைக்கு என்ன சொல்லி விட?" என்றான்.

"கொடுத்துட்டு வந்து சொல்லுவோம்."

பிய்ந்த ஓரத்தை விடிந்ததும் புது வேர் வைத்துக் கட்டினாள். வெயில் ஏறுமுன் முன்பக்கம் அவளும் பின்பக்கம் சுருளியுமாகத் தட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கோச்சடைச் சாலையில் நடந்தார்கள். நேற்றைய மழையில் புளியமரக் கிளைகள் முறிந்து கிடந்தன. பிரசவ விடுதி ஓட்டுக் கட்டடம். புதுச் சுண்ணாம்பு கண்ணைக் கூச வைத்தது. நர்சு ஞானசௌந்தரி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். தட்டியைச் சுற்றி வந்தாள். நடுவில் விரலை வைத்தாள்; நுழைந்தது.

"என்னம்மா, ஓட்டையா இருக்கே? ராவுத்தர் வேரை மிச்சம் பிடிச்சுட்டாரா?"

"அவரு மேல பழி வேண்டாம்மா. காத்து வரணும்னு நாந்தான் விட்டேன்." பிறகு சொல்லியும்விட்டாள்: "நீங்க உள்ளே போயி உக்காந்து பாருங்க. வெளியே நின்னு பாத்தா தெரியாது."

நர்சம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். சுருளியும் தங்கப்பொண்ணும் தட்டியை வாசலில் தூக்கிப் பிடித்தார்கள். சுருளி ஒரு கையால் செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். வேருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. யாரோ பிள்ளைத்தாய்ச்சிப் பெண் முனகலை நிறுத்தி, பெருமூச்சு விட்டாள்.

"அக்கா, தலைமாட்டுப் பக்கம் வருது" என்றது அந்தக் குரல்.

"வருதா?" என்றாள் நர்சம்மா. "எனக்கும் வருது."

தங்கப்பொண்ணு ஒரு கையை விட்டு, கீழ்க் கயிற்றின் நுனியை உள்பக்கம் நீட்டினாள்.

"காத்து பெருசா அடிச்சா இந்தக் கயித்தை இழுத்து விட்டுருங்கம்மா" என்றாள் வேரைப் பார்த்து. "பயப்படாதீங்க. அதுவே போய் அதுவே வரும்."

"ரெண்டு சன்னலுக்கும் அளவெடுத்துக்கிட்டுப் போ" என்றபடி நர்சம்மா வெளியே வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சொட்டிக்கொண்டிருந்த தட்டியின் கீழ்ச் சட்டத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.