கோல்கொண்டாவில் தாளம் தப்பிய கைதட்டல்

1. மஞ்சள் டி-ஷர்ட்

ஹைதராபாத்தைச் சுற்றிக்காட்டும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கூட்டத்துல ஆள் தொலஞ்சு போயிட்டா என்ன பண்றது?" என்பதுதான். தொலைந்த ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வேஷம் போட்டுக்கொண்டு ஏறிய ஆளை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டுவதுதான் பாடு. எனக்கு அது நடந்தது.

அப்போது செகந்திராபாத்தில் ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தில் இருந்தேன். ஞாயிறுதோறும் தமிழில் கமெண்டரியோடு ஒரு டெம்போ டிராவலர் விடுவோம். ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் ரயிலேறி வந்துகொண்டே இருந்த காலம். பிள்ளைகளுக்கு ஆபீசும் ஹாஸ்டலும் தவிர ஒன்றும் தெரியாது. பெற்றோரை எங்கே கூட்டிப்போவது என்று முழித்துவிட்டு எங்களிடம் வருவார்கள். இதே ஊரில், காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் சண்டை போடத் தெரியும் என்பதால் மைக் என் கைக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, மாரெட்பள்ளியில் எங்கள் மாடி வீட்டுப் பெண் சுபா கீழே இறங்கி வந்தாள். சாஃப்ட்வேர் வேலை, நல்ல வாய்த்துடுக்கு. திங்கட்கிழமை அவளைப் பெண் பார்க்கத் திருநெல்வேலிக்காரர்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களே ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் புக் செய்திருக்கிறார்கள் என்பதை அவள்தான் எப்படியோ மோப்பம் பிடித்திருந்தாள்.

"ஆன்ட்டி, உங்க ஹெல்பர் நாளைக்கு லீவுதானே? நான் வர்றேன்."

"எதுக்குடி?"

"எப்பவும் என்னையேதான் எல்லாரும் வந்து பாக்கறாங்க. நான் காபிய நீட்டிட்டு, தலைய குனிஞ்சிட்டு, உள்ள போயிடணும். அவங்க எப்படின்னு எனக்கு என்ன தெரியும்? ஒரு தடவை நான் பாக்கறேன் ஆன்ட்டி. பாத்துட்டு, பிடிக்கலைன்னா அப்பாகிட்ட நானே வேணாம்னு சொல்லிடறேன்."

"போட்டோ பாத்திருப்பாங்களே, கண்டுபிடிச்சிட்டா?"

"அந்தப் போட்டோல நான் பட்டுப்புடவை, அரை கிலோ மல்லிப்பூ. எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியல."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் ஒரு காலத்தில் பெண் பார்த்தார்கள். என் கணவரின் முழங்காலுக்கு மேல் நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. கம்பெனியின் மஞ்சள் டி-ஷர்ட்டையும் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தேன்.

2. கடிகாரமும் போனும்

காலை பிக்கப்பில் அவர்கள் மூவரும் வந்தார்கள். பையன் முத்துக்குமார், காதில் போன். அப்பா, மூட்டுவலிக்காரர், சாதுவான மனிதர். அம்மா செண்பகம், எல்லாவற்றையும் கண்ணாலேயே எடை போடுகிறவர். சுபா கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். டிரைவர் சலீம் பாய்க்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். நான் மூன்றாம் முறையாக ஆள் எண்ணுவதைப் பார்த்து, "கைக்கு டென்ஷன், மேடம்?" என்று, எதற்கு டென்ஷன் என்பதை ஹைதராபாத் உருதுவில் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

சார்மினாரில் நான் நவாபு, சுல்தான் என்று ஆரம்பித்தேன். சுபா மைக்கைப் பிடுங்கி, எந்தச் சந்தில் முத்துமாலை ஏமாற்றாமல் கிடைக்கும், எந்தக் கடையில் இரானி டீயோடு பிஸ்கட் நன்றாக இருக்கும் என்று எடுத்துவிட்டாள். வண்டியே கலகலத்துப் போனது. என் சுல்தான்களை யாரும் திரும்பிக் கேட்கவில்லை.

பக்கத்து வளையல் கடைத்தெருவான லாட் பஜாரில் செண்பகம் அம்மா அரக்கு வளையல் பார்த்தார். கல் பதித்த சிவப்பு ஜோடி. "எம்மா, உன் கைய குடு. எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளைக்கும் உன் அளவுதான் இருக்கும்" என்று சுபாவின் கையில் போட்டுப் பார்த்தார். சுபா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வளையல் சரியாகப் பொருந்தியது. அந்தம்மா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மியூசியத்தில் பன்னிரண்டு மணிக்குப் பெரிய கடிகாரத்திலிருந்து குட்டி பொம்மை வந்து மணியடிக்கும். அதற்காகக் கூட்டம் முன்கூட்டியே உட்கார்ந்துவிடும். மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. அந்த நேரத்தில்தான் முத்துக்குமாரின் போன் அலறியது. "சார்... சார்... பில்டு ஃபெயிலா? இதோ பாக்கறேன் சார்" என்று ஆபீஸ் சாஃப்ட்வேர் சிக்கலைப் பேசியபடி வெளியே ஓடினான். பொம்மை வந்தது, அடித்தது, உள்ளே போனது. அவன் பார்க்கவில்லை.

சுபா என் காதில் சொன்னாள். "முடிஞ்சுது ஆன்ட்டி. இவன் தாலி கட்டறப்பவும் பில்டுதான் பாப்பான். நக்கோ, வேணவே வேணாம்."

பிரியாணி சாப்பிடும்போது முத்துக்குமாரின் அப்பாவும் அம்மாவும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அந்தப் பெரியவர்கள் இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

3. மலை மேல்

கோல்கொண்டாவில் நுழைவாசல் கும்மட்டத்துக்குக் கீழே கைதட்டினால் மலை உச்சி மண்டபத்தில் கேட்கும். எல்லா கைடும் சொல்வதுதான். யாரும் சொல்லாதது, ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கே நின்று தட்டும் என்பது. மேலே நிற்பவர்களுக்கு யார் தட்டியது என்றே தெரியாது. அதனால் எங்கள் வண்டிக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தேன். முதலில் இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு மூன்று தட்டு. ஹெல்பர் கீழே நின்று தட்டவேண்டும்; அன்று அது சுபாவின் வேலை.

மூட்டுவலி அப்பா ஏறமுடியாமல் கீழே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் துணையாக முத்துக்குமாரும் நின்றான். மற்றவர்களை நான் மேலே கூட்டிப்போனேன். செண்பகம் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார்.

உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு நின்றோம். பலவிதமான தட்டல்கள் வந்தன. நடுவே எங்களுடையது தெளிவாகக் கேட்டது. எல்லாரும் குதூகலமாகக் கூவினார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி வந்தது, ஆனால் தலைகீழாக. முதலில் மூன்று, பிறகு இரண்டு.

செண்பகம் அம்மா சிரித்துவிட்டார். "அது எம் மவன். சின்ன வயசுலேருந்தே அவனுக்குத் தாளம் வராது. கோயில் பஜனையில அவனத் தட்ட வேண்டாம்னு சொல்லி பக்கத்துல உக்கார வச்சிருவாங்க."

மீண்டும் சரியான தட்டல். அதன் பின்னாலேயே தப்பான தட்டல். மீண்டும் சரி, மீண்டும் தப்பு.

"சுபா திருத்திக் குடுக்கா போல" என்றார் அந்தம்மா, சாதாரணமாக.

அன்று முழுக்க நான் அவளை 'ஏம்மா', 'இங்க வா' என்றுதான் கூப்பிட்டிருந்தேன். பெயரைச் சொல்லவேயில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தப் போட்டோவ பூஜை ரூம்ல வச்சில்லா ஒரு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன். தொப்பி போட்டா மூஞ்சி மாறிருமா?" என்றார். "எம் மவன்தான் போட்டோவ பாக்கவே மாட்டேன்னுட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அம்மா, தப்பா நினைக்காதீங்க, சின்னப் பொண்ணு..."

"எதுக்குத் தப்பா நினைக்கணும்? நான் பொண்ணா இருந்தப்ப எனக்கு இந்த புத்தி வரலியேன்னுதான் இருக்கு. அவ எங்களப் பாக்கட்டும். நானும் அவளப் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க."

அந்த இடத்திலேயே அந்தம்மாவை எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. ஆனால் பெண் மத்தியானமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள் என்பதை எப்படிச் சொல்வேன்? எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

4. படகிலும் வீட்டிலும்

மாலை உசேன் சாகரில் புத்தர் சிலைக்குப் படகில் போகும்போது சுபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கீழ தட்டிட்டு இருக்கும்போது அவன் மேனேஜர் கூப்பிட்டாரு ஆன்ட்டி. 'சார், மேல ஆளுங்க காத்துட்டு இருக்காங்க, நான் இன்னும் சரியா தட்டல, அப்புறம் கூப்பிடறேன்'னு கட் பண்ணிட்டான்."

"அப்புறம்?"

"போனை ஆஃப் பண்ணி அவங்கப்பா கையில குடுத்துட்டான். 'எனக்குத் தாளமே வராதுங்க, இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க'ன்னு கேட்டான். சுத்தி அவ்வளவு பேர் சிரிக்கறாங்க, கொஞ்சம்கூட வெக்கப்படல." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஆபீஸ்ல தெரியலன்னு சொல்ற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டு அடுக்களையில் பஜ்ஜி போட்டுக்கொடுக்க என்னையும் இழுத்துப் போனாள். சுபா காபித் தட்டோடு ஹாலுக்கு வந்தாள். முத்துக்குமார் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த பஜ்ஜி அப்படியே சட்டையில் விழுந்தது.

"ஏங்க, நீங்க... கைடு?"

சுபாவின் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன கைடு?" என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். வழக்கப்படி அடுத்துப் பையனிடம்தான் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவேண்டும். செண்பகம் அம்மா அவனைக் கையமர்த்திவிட்டுப் பையிலிருந்து சிவப்பு வளையல்களை எடுத்தார்.

"நீதான் நேத்தே எங்களப் பாத்துட்டியே தாயி. நீ சொல்லு, எங்களப் பிடிச்சிருக்கா? பிடிக்கலன்னாலும் வளையல போட்டுக்கோ. ஊரு சுத்திக் காட்டினதுக்கு வச்சுக்கோ."

சுபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காபித் தட்டை மேஜையில் வைத்தாள். வளையலை வாங்கி மாட்டிக்கொண்டாள். பிறகு முத்துக்குமாரைப் பார்த்து, தலையைக் குனியாமல், கைதட்டினாள். இரண்டு, இடைவெளி, மூன்று.

அவன் எழுந்து நின்று பதிலுக்குத் தட்டினான். அன்றும் தப்பாகத்தான் தட்டினான்.

அதற்குப் பிறகு என் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் கமெண்டரியைச் சீக்கிரம் முடித்து மைக்கை அணைத்துவிடுவேன். சார்மினார் எங்கேயும் போய்விடாது. வண்டியில் ஒன்றாக வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

அன்று ஹாலில் இரண்டு பேரும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். செண்பகம் அம்மாதான் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"எம்மா, மெல்லத் தட்டு, வளையல் உடஞ்சிரும்!"