பெரிய பூ போட்ட டயர்

போன சனிக்கிழமை கூலாய் டவுனில் ஒரு டயர் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். என் காருக்காக இல்லை. மகளின் ஏடிவிக்காக.

ஏடிவி என்றால்... நான்கு தடித்த சக்கரம், மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில். சுற்றுலா போகிறவர்கள் மணலில் ஓட்டிப் படம் எடுத்துக்கொள்வார்களே, அதேதான். என் மகள் கயல்விழி படம் எடுக்க ஓட்டுவதில்லை. பண்டார் தெங்காரா பக்கம், பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவள் ஃபீல்ட் சூப்பர்வைசர். வயது இருபத்தாறு. காலை ஆறரைக்கு அதில் ஏறினால் மத்தியானம் வரை செம்மண், சேறு, சரளை, அப்புறம் ‘கொஞ்சம்’ தார் ரோடு. வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அந்தக் கொஞ்சம் தார் ரோட்டில்தான் இரண்டு மாதத்துக்கு முன் விழுந்தாள்.

மழை விட்டுப் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். தோட்டத்துக்குள்ளேயே, மில்லுக்குப் பழக்குலை ஏற்றிய லாரி போகிற வளைவு. வண்டி வழுக்கி, ஒரு பக்கமாகத் தூக்கி, கவிழ்ந்துவிட்டது. இவள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்ததாம். முகவாயில் தையல், இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. “அவ்வளவுதான், பயப்படாதீங்க” என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவ்வளவுதான்... அந்த ஒரு முழத்தை நான் இன்னும் அளந்துகொண்டே இருக்கிறேன். சமையல் மேடையில், பஸ் சீட்டில், கட்டிலில்.

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. வரும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். அதற்குள் வேறு டயர் போட்டாக வேண்டும்.

கடைக்காரர் பெயர் சேகர். நாற்பது வயது இருக்கும். கூட வந்திருந்த கயல் அவரை அண்ணன் என்பாள், நான் தம்பி என்பேன். மூன்று டயர்களை உருட்டி வந்து என் முன்னால் சாய்த்து வைத்தார்.

“இதுல எது ரொம்ப சேஃப், தம்பி?”

“எங்க ஓட்டறதுக்குக்கா?”

“எல்லா எடத்துலயும்.”

சிரித்தார். “அப்படி ஒண்ணு இருந்தா நான் அத மட்டும் வித்துட்டு நிம்மதியா இருப்பேன்லா.”

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். டயரில் வெட்டியிருக்கும் கட்டைகளையும் கோடுகளையும் இங்கே மலேசியாவில் பூ என்போம். பூ பெரிதாக, ஆழமாக இருந்தால் சேற்றில் பிடிக்கும். ஆனால் தாரில் அந்தக் கட்டைகளின் தலை மட்டும்தான் தரையைத் தொடும். ஈரத்தில் வளைத்தால் – சோப்புக் கட்டி மேல் நிற்கிற மாதிரி. பூ சின்னதாக, நெருக்கமாக இருந்தால் தாரில் சமர்த்து. சேற்றிலோ, பூவுக்குள் மண் அப்பிக்கொண்டு டயரே வழவழவென்று ஆகிவிடும். நடுவில் ஒன்று இருக்கிறது. எல்லாத் தரைக்கும் சுமாராக.

“சுமாராவா?”

“சுமார்தான்க்கா. சூப்பர்னு சொன்னா பொய்.”

“சைடு கெட்டியா இருக்கணும்ணே,” என்றாள் கயல். “மட்டை முள்ளு குத்திருது.” வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள் மேல் தினமும் ஏறி இறங்குகிறாளாம். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

“ஒரு நாளைக்கு தார் எவ்ளோ, மண்ணு எவ்ளோ?” சேகர் கேட்டார்.

“தார் கொஞ்சம்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“பாதிக்குப் பாதி,” என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

விழுந்த அன்று அவள் வண்டியில் இருந்த டயர் எது தெரியுமா? பூ மிகப் பெரிய ரகம். அதை வாங்கிக் கொடுத்தது யார்?

நான்தான்.

போன வருஷ மழையில், அச்சுவரை சேற்றில் புதைந்த வண்டியைப் படம் பிடித்து வேடிக்கையாக அனுப்பியிருந்தாள். எனக்கு அது வேடிக்கையாகவா இருக்கும்? மறுநாளே ஜொகூர் பாருவில் ஒரு பெரிய கடைக்குப் போய், இருப்பதிலேயே ஆழமான பூ வேண்டும் என்று கேட்டு நான்கு டயர் வாங்கினேன். ஆழமாக இருந்தால் பத்திரம். அவ்வளவுதான் என் அறிவு. அதோடு விட்டேனா? காரில் போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அவள் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை. நான்கு டயருக்கும் குங்குமம். வண்டி இல்லாமல் டயருக்கு மட்டும் பூசை போட்டது இதுதான் முதல் தடவை என்றார் ஐயர். பிறந்தநாள் பரிசு என்று அவளிடம் கொடுத்தேன்.

சேகர்தான் மாட்டிவிட்டிருக்கிறார். இப்போது அதே டயர்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்.

“இத அப்பவே கழட்டிருக்கணும்க்கா. இந்தப் புள்ளதான்...”

“அண்ணே, விடுங்க.”

“என்ன விடறது? மாட்டி ரெண்டு வாரத்துல வந்துச்சுக்கா. தார்ல வழுக்குதுண்ணே, பழசையே போட்டுருங்கன்னுச்சு. நான் ஜாக்கிகூட வெச்சுட்டேன். அப்புறம் சைடுல மிச்சமிருந்த குங்குமத்தப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. வேணாண்ணே, அம்மா பூசை போட்டுக் குடுத்தது, கழட்டினா மனசு ஒடஞ்சிருவாங்கன்னு வண்டிய மறுபடி லாரில ஏத்திக்கிட்டுப் போயிருச்சு.”

ரெஞ்சோடு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

எட்டு மாதம். தப்பான டயர் என்று தெரிந்தே, எட்டு மாதம் ஓட்டியிருக்கிறாள். நான் சேற்றுக்குப் பயந்தேன். அவள் எனக்குப் பயந்திருக்கிறாள்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா என்ன சொல்லிருப்பீங்க? வேலைய விடுன்னுருப்பீங்க.”

பொய் சொல்ல விரும்பவில்லை. அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உங்களையும் ஒன்று கேட்கிறேன். நாம் மாட்டிவிட்டதைக் கழற்றினால் நமக்கு வலிக்குமே என்று நம் பிள்ளைகள் எதையெல்லாம் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்? கையில் ஒரு கயிறு, விரலில் ஒரு மோதிரம் என்றால் பரவாயில்லை. சிலருக்குப் படிப்பு, சிலருக்குக் கல்யாணம். எல்லாமே அவர்கள் நன்மைக்கு என்றுதானே செய்தோம்? பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே? அந்தப் பத்திரம்தான் வளைவில் தூக்கிப் போடுகிறது. போட்ட பிறகுகூட அவர்கள் சொல்வதில்லை. யாரோ டயர் கடைக்காரர் வாய்தவறிச் சொன்னால்தான் உண்டு.

“எதக்கா மாட்டட்டும்?” சேகர் கேட்டார்.

மூன்று டயரையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் காப்பாற்றும், ஒரு இடத்தில் கைவிடும். எதைக் காட்டினாலும் அதில் என் மகள் விழப்போகும் இடமும் சேர்ந்தே தெரிந்தது. கை எழவில்லை.

“அவளையே கேளுங்க,” என்றேன்.

கயல் யோசிக்காமல் நடுவில் இருந்ததைக் காட்டினாள். சுமார் ரகம், சைடு கெட்டி. காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள். எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறாள். எப்போதுமே தெரிந்திருக்கிறது.

நல்ல டயர்தான் என்கிறார் சேகர். இருக்கலாம். எனக்கு அன்றைக்குப் பிறகும் தூக்கம் இல்லை. டயர் மாறிவிட்டது. மழை மாறுமா, வளைவு மாறுமா?

திரும்பும்போது காரில் கேட்டேன். “இனிமே நான் செய்யறது தப்புன்னா, மூஞ்சிக்கு நேரா சொல்லிரு. என்ன?”

“சொல்றேம்மா,” என்றாள்.

அந்தச் ‘சொல்றேன்’கூட உடனே வந்துவிட்டது. என் மனசு நோகக்கூடாது என்று.