லிட்டருக்கு எவ்வளவு தரும்

மகளுக்கு வண்டி பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். லிட்டருக்கு எவ்வளவு தரும்?

அவளுக்கு வேலை கிடைத்தது மரக்காணத்தைத் தாண்டி, ஈசிஆர் ஓரத்தில், இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில். விலங்கியல் படித்தவள். தொட்டித் தண்ணீரை எடுத்துச் சோதித்து எழுதிவைக்கிற வேலை. காலை ஏழு மணிக்கு முதல் தண்ணீர் எடுக்க வேண்டும். புதுச்சேரி மூலக்குளத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டில் இறங்கி, உள்ளே நடந்து போனால் எட்டு ஆகிவிடும். ஒரு வாரம் அப்படிப் போய்ப் பார்த்தாள். மாதம் முடிவதற்குள் நேரத்துக்கு வர வழி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் காலி மனையில் தோழியின் வண்டியை வைத்து முன்பே கியர் மாற்றக் கற்றுக்கொண்டு, உரிமமும் வாங்கியிருந்தாள். அதெல்லாம் நடந்தபோது நான் வீட்டில் படுத்திருந்தேன். பைக்கிலிருந்து கீழே விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மண்டையில் தையல் போட்ட இடத்திலிருந்து இடது கன்னம் வரை இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. சவரம் செய்யும்போது வேறு யாருடைய முகத்தையோ சவரம் செய்வது போலிருக்கும்.

ஷோரூம் இரண்டுக்குப் போனோம். ஸ்கூட்டர் வேண்டாம் என்பதில் எனக்கும் அவளுக்கும் ஒரே கருத்து. தினமும் எண்பது கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கே சம்பளத்தில் பாதி போய்விடும். சக்கரமும் சின்னது. காற்றடிக்கிற மாதங்களில் ஈசிஆரில் மணல் ஏறிக் கிடக்கும். சின்னச் சக்கரம் அதில் வழுக்கும். நூற்றைம்பது சிசி வண்டிகளைக் காட்டினார்கள். அவள் உயரத்துக்குக் கால் முழுதாக ஊன்றவில்லை. நூறு சிசியில் ஊன்றியது. விற்பனைப் பையன் பிரேக்கைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். நான் அவனை நிறுத்திவிட்டு, லிட்டருக்கு எவ்வளவு தரும் என்று மறுபடி கேட்டேன். அறுபத்தைந்து என்றான். தெரியாத ஒருவர் பெயரைக் கேட்டுக்கொண்டது போல அதைக் கேட்டுக்கொண்டேன்.

"உங்கப்பா வண்டி வாங்க வரல, பசு மாடு வாங்க வந்திருக்காரு," என்றாள் என் மனைவி. "எவ்ளோ கறக்கும், எவ்ளோ கறக்கும்னே கேட்டுட்டு."

மகள் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

நான் வேறு எதையும் கேட்காததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊரில் ஹெல்மெட் போடுகிற முறையைச் சொல்ல வேண்டும். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. வடக்கே போனால் ஊர் முடிந்ததும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு. பிள்ளைச்சாவடியில் திரும்பவும் புதுச்சேரி. காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. தமிழ்நாட்டுப் போலீஸ் பிடிக்கும். எங்கள் பக்கம் ரொம்ப காலம் யாரும் பிடித்ததில்லை. அதனால் கோட்டக்குப்பத்தில் மாட்டுவோம், பிள்ளைச்சாவடியில் கழற்றி டேங்க் மேல் வைப்போம், கனகசெட்டிக்குளம் தாண்டி மறுபடி மாட்டுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி கை தானாகப் போகும். இருபத்தைந்து வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

பிள்ளைச்சாவடியில்தான் விழுந்தேன். கழற்றி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆடு குறுக்கே வந்தது என்றார்கள். எனக்கு ஆடு ஞாபகம் இல்லை. ஹெல்மெட் ரோட்டோர மணலில் கிடந்ததாம், ஒரு கீறல் இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஹெல்மெட் போடலியா?" என்பதுதான். "போட்டிருந்தேன். பட்டை அறுந்துடுச்சு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் பார்க்க வந்த எல்லோருக்கும் அவளே அதைச் சொன்னாள். அந்த ஹெல்மெட் கம்பெனிக்காரன் விளங்கமாட்டான் என்று தினமும் ஒரு தடவையாவது சாபம் விட்டாள். நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் மூலக்குளம் மெக்கானிக். என் வண்டியையும் ஹெல்மெட்டையும் போய் எடுத்துவந்து கடையில் வைத்திருந்தது அவர்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஷோரூம்களில் எதுவும் முடிவாகாமல், கடைசியில் அவரிடமே போனோம்.

"புதுசு எதுக்கு சார்? பழகுற புள்ள, நாலு வாட்டி கீழ போடும்," என்றார். மூன்று வருடம் ஓடிய நூறு சிசி வண்டி ஒன்றை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வாத்தியார் ஓட்டியதாம். "அம்பது தாண்டிப் போயிருக்காது. வாத்தியாருக்கே தூக்கம் வந்திருக்கும்."

"லிட்டருக்கு எவ்வளவு தரும்?" என்றேன்.

"எழுபது. நிதானமா போனா." பிறகு மகளைப் பார்த்து, "தலைக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக்கம்மா. அதுல மிச்சம் புடிக்காத," என்றார்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து கால் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா போலீஸுக்கு ஒண்ணு இருந்தா போதும்ணா," என்றாள். "எங்கப்பா நல்லதாத்தான் போட்டிருந்தாரு. என்ன பிரயோஜனம்? பட்டை அறுந்து போச்சு. விழணும்னு இருந்தா விழத்தான் போறோம். தமிழ்நாட்டுல போட்டுக்கறேன், நம்ம பக்கம் காத்து வாங்கிட்டுப் போறேன்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். அவள் கடைக்குப் பின்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "சார், நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்களே சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றேன்.

நான்கு நாள் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். சாப்பாடு முடிந்துவிடும். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பயம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. தொட்டால் தெரியாத கன்னம் மாதிரி இருந்தது. அதற்குள் அவள் புது ஹெல்மெட் வாங்கிவிட்டாள். பிளாட்பாரத்தில் விற்கிற, தட்டினால் டப்பா சத்தம் வருகிற ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாங்குவதற்கு முன் பண்ணை வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று அந்த வண்டியைக் கேட்டு எடுத்தோம். அவ்வளவு தூரம் ஓட்டிப் பழகாதவள், பின்னால் பழக்கமுள்ள ஒருவர் உட்கார்வது நல்லது. நான் உட்கார்ந்தேன். விழுந்த பிறகு வண்டியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. மனைவியின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். சின்னதாக இருந்தது, நெற்றியை அழுத்தியது.

நன்றாகத்தான் ஓட்டினாள். கோட்டக்குப்பத்தில் நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டினாள். ரோட்டில் கூட வந்த எல்லோரும் மாட்டினார்கள். நாற்பதைத் தாண்டவில்லை. பொம்மையார்பாளையம் முடிந்து வலது பக்கம் படகுகள் தெரிய ஆரம்பித்தன. முன்னால் போன இரண்டு வண்டிகளில் கைகள் தாடைக்குப் போயின. எங்கள் வண்டியும் வேகம் குறைந்தது. இடது கையை ஹாண்டில்பாரிலிருந்து எடுத்துப் பட்டையைத் தடவினாள்.

"ஓரமா நிறுத்து," என்றேன்.

"என்னப்பா, தலை சுத்துதா?"

"நிறுத்து."

இறங்கினேன். கருவாடு காயப்போட்டிருந்த வலைக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றப் போனாள். "கழட்டாத," என்றேன். பிறகு சொன்னேன். பட்டை அறுபடவில்லை. விழுந்தபோது நான் போட்டிருக்கவே இல்லை. இங்கே வந்ததும் கழற்றினேன், இப்போது நீ கழற்றப் போன மாதிரியே. அது டேங்க் மேல் இருந்தது. நான்கைந்து வாக்கியம்தான். பால் கணக்குச் சொல்வது போலச் சொன்னேன். குரல்கூட மாறவில்லை.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தக் கம்பெனிக்காரனுக்கு அஞ்சு மாசமா விடியறதே அம்மா சாபத்துலதான்." சிரிக்காமல் சொன்னாள். பிறகு, "நான் உன்ன நம்பித்தானப்பா இந்த டப்பாவ வாங்கினேன்," என்றாள்.

அவள் திட்டவில்லை. திட்டினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீதான் அம்மாகிட்ட சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

"சொல்றேன்."

"இன்னிக்கு."

"இன்னிக்கு."

"ஏறு."

காலாப்பட்டு வழியாக மெதுவாகப் போனோம். எங்களைத் தாண்டியவர்கள் எல்லோரும் வெறும் தலையோடு போனார்கள். பைக்கில் வந்த இரண்டு பையன்களில் பின்னால் இருந்தவன் எங்களைத் திரும்பிப் பார்த்து, "யக்கா, பாண்டி வந்துருச்சு, கழட்டிக்கலாம்," என்று கத்தினான். "பின்னாடி தாத்தாவும் மாட்டிகினு உக்காந்திருக்காரு பாரு." மகள் அதே வேகத்தில் ஓட்டினாள். கியரைக்கூட மாற்றவில்லை.

பண்ணை வாசல் வரை போய்த் திரும்பினோம். வழியில் அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "வண்டி இதே போதும்பா. பிரேக் நல்லா புடிக்குது," என்றாள். பிரேக்கைப் பற்றி எங்களில் ஒருவர் பேசியது அப்போதுதான்.

மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்தும் மடித்துக்கொண்டே இருந்தாள். என் சட்டை ஒன்று கையில் வந்தபோது அதை மடிக்காமல் தனியாக வைத்தாள். "அவகிட்ட சொன்னீங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். அன்று அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், கனமான, தாடை வரை மூடுகிற ஹெல்மெட் ஒன்றை வாங்கி வந்தாள். கடையில் அதை என் மனைவியே மாட்டிக்கொண்டு, பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாளாம். கடைக்காரன் பிய்த்துவிடாதீர்கள் என்றானாம்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு முன்பே, மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுத்து எடுத்த அந்த வண்டியில் மகள் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் ஒரு தடவை அடித்து நின்றது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன். சரி என்றாள்.